டிசம்பரில் வருகிறேன் என்றது யார்?

அத்தியாயம் 12

டோர்சிலாவின் வீட்டில் ஒரு வாரமாகத் தாய்க்கும் சின்ன மகனுக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. கல்யாணத்துக்கு முன்னால் சொந்த ஊரான கெண்டு பேயில் உள்ள குடும்ப மனையில் தனக்கென்று ஒரு வீடு எழுப்ப வேண்டும் என்று ஒமோலோ கேட்டான். மூத்தவன் ஒடேராவின் வீடு நிற்காமல், அல்லது அவன் தன் வாயால் சம்மதம் சொல்லாமல், இளையவன் கடைக்கால் தோண்டக் கூடாது, லுவோ இனத்து வீடுகளில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது என்று தாய் மறுத்தாள். அவன் தட்டில் போட்ட உகாலிக் களியைத் தொடாமல் எழுந்து போனது வாசகர்களுக்கு மறந்திருக்காது. மறந்திருந்தாலும் குற்றமில்லை, அந்த வீட்டில் இருக்கிறவர்களே அதை மறக்கத்தான் பார்க்கிறார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. ஏழாம் நாள் சபைக்காரர்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் பொழுது சாய்வதற்குள் சகல வேலையும் முடிந்தாக வேண்டும். சாய்ந்துவிட்டால் அடுப்பு கிடையாது, துடைப்பம் கிடையாது, கணினி கிடையாது. சனிக்கிழமை பொழுது சாயும்வரை ஓய்வுநாள். டோர்சிலா விடியற்காலையிலேயே கோழிக் கொட்டகையைப் பெருக்கி, முட்டைகளை அட்டைகளில் அடுக்கிவிட்டு, சப்பாத்திக்கு மாவு பிசைந்து கொண்டிருந்தாள். அவளுக்கு அறுபத்து மூன்று வயது. வலது முழங்காலுக்கு மட்டும் எண்பது என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு உங்கண்ணன் செய்தி வரும்ல, அதுல தேதி சொல்லிடுவான். போன வாரமே கேட்டுட்டேன். தேதி மட்டும் வரட்டும், நாளைக்கே சபையில எழுந்து நின்னு சொல்லிடறேன்" என்றாள் மகளிடம்.

அமோண்டி நின்றபடியே தேநீரைக் குடித்துக்கொண்டு தலையாட்டினாள். மூன்று பிள்ளைகளில் நடுப்பிள்ளை. முப்பத்தொரு வயது. வீட்டில் யாருக்கு யாரோடு பேச்சில்லாமல் போனாலும் செய்தி இவள் வழியாகத்தான் போய்வரும்.

ஒடேரா ஹாம்பர்க் போய் ஐந்து வருடம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு முன் அப்பா இறந்தபோதும் அவன் வரவில்லை. போன் திரையில் அடக்கத்தைப் பார்த்தான். மூத்தவன் போட வேண்டிய முதல் பிடி மண்ணை ஒமோலோ போட்டான். அதன் பிறகு போனில் ஒடேராவின் குரல் குறைந்துகொண்டே வந்து, ஒரு வருடத்துக்கு மேலாகக் கேட்கவே இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குச் செய்தி மட்டும் ஒருநாளும் தவறியதில்லை. முழங்காலைப் பற்றி விசாரிப்பான், கோழிகளை விசாரிப்பான், அப்பாவை நினைத்து இரண்டு வரி எழுதுவான். ஊரில் இருந்தபோது பாதி சுவாஹிலி, பாதி இங்கிலீஷ் என்று பேசித் திரிந்தவன் இப்போது வேதபுத்தகம் மாதிரி சுத்தமான லுவோ மொழியில் எழுதுகிறான் என்று டோர்சிலாவுக்குப் பெருமை தாங்காது. வெள்ளைக்காரன் ஊருக்குப் போய்த் தாய்மொழி கற்றுக்கொண்டவன் என் மகன் ஒருத்தன்தான் என்று சபைப் பெண்களிடம் சொல்லுவாள்.

ஆகஸ்டில் ஒரு செய்தி வந்தது. டிசம்பரில் வருகிறேன் அம்மா, வந்து என் வீட்டை எழுப்புகிறேன் என்று. அதை நம்பி மனையில் மரமும் தகரமும் இறக்கியாயிற்று. கொத்தனாரிடம் நாள் சொல்லியாயிற்று. ஒமோலோவுக்குப் பெண் கொடுக்கிற ஃபெலிஸ்டாவின் வீட்டாரிடமும் ஜனவரி வரை பொறுக்கச் சொல்லியிருந்தாள்.

வாசலில் ஒமோலோ பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக் கொண்டிருந்தான். மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுப்பவன். அக்காவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னான், "டிசம்பர்ல அவன் வரலைன்னா ஃபெலிஸ்டா வீட்டுல வேற இடம் பார்த்துடுவாங்க அக்கா. அவ அப்பா நேத்து நேராவே சொல்லிட்டாரு."

"வருவான்டா. எழுதியே குடுத்துட்டானே" என்று சொல்லிவிட்டு அமோண்டி மடாட்டு வேன் பிடிக்க ஓடினாள்.

*

கிசுமு நகரத்தில் அமோண்டி வேலை பார்க்கும் அலுவலகத்தில் மொத்தமே பதினாறு பேர். அவர்கள் செய்த கருவிக்குச் சல்லடை என்று பெயர். ஒரு நிறுவனம் தன் நிரல்களைச் சேர்த்து வைத்திருக்கும் களஞ்சியத்துக்குள் அதை இறக்கிவிட்டால், அதில் தானாக இயங்கும் ஏஐ ஏஜென்ட்கள் எத்தனை இருக்கின்றன என்று சலித்து எடுத்துப் பட்டியல் போடும். யாரோ ஒரு ஊழியர் ஆர்வத்தில் எழுதி வைத்துவிட்டு வேலையை விட்டுப் போயிருப்பார். அது பாட்டுக்கு யாருக்கோ பதில் அனுப்பிக் கொண்டிருக்கும். அப்படிப்பட்டவற்றைக் கண்டுபிடிப்பதுதான் சல்லடையின் வேலை.

அந்தக் கருவிக்குக் கையேடு எழுதுவது அமோண்டியின் வேலை. மற்றவர்கள் நிரல் எழுதுவார்கள், இவள் அதை மனிதர் படிக்கிற மாதிரி எழுதுவாள். நிரல் எழுதுகிறவர்களுக்குத் தாங்கள் எழுதியது உலகத்துக்கே விளங்கும் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பைக் கெடுப்பதற்குத்தான் தனக்குச் சம்பளம் என்று அவள் சொல்வதுண்டு.

அன்று மாலைக்குள் கையேடு வெளியாக வேண்டும். கடைசிப் பக்கம் ஒன்றுதான் பாக்கி. பட்டியலில் வரும் ஒவ்வொரு தகவலுக்கும் என்ன பொருள் என்று சொல்லும் பக்கம். ஏஜென்ட் எங்கே இருக்கிறது, எப்போது விழிக்கும், எதையெல்லாம் தொட அதற்கு அனுமதி, அதற்கு இட்ட கட்டளை என்ன, அது எழுதி வைத்திருக்கும் நினைவுக் குறிப்புகள், பொறுப்பாளர் யார், கடைசியாக மனிதக் கண் பட்டது எப்போது. இந்தக் கடைசித் தகவலுக்கு அவள் இப்படி எழுதியிருந்தாள்: 'நெடுநாளாக யாரும் பார்க்காத ஏஜென்ட், கட்டளையில் இல்லாததையும் தானாகச் செய்யத் தொடங்கியிருக்கலாம். உடனே திறந்து பாருங்கள்.'

பக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். அதில் அந்த அலுவலகத்துக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. எடுத்துக்காட்டைக் கையால் எழுதக் கூடாது. உண்மையான களஞ்சியம் ஒன்றில் கருவியை ஓட்டி, வருவதை ஓர் எழுத்து மாற்றாமல் அப்படியே சேர்க்க வேண்டும். போன வருடம் ஒருவர் கற்பனையாக எழுதிச் சேர்த்து, வாடிக்கையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு வந்த விதி. பக்கம் தயாராகும்போது கருவி தானாகவே ஓடி, முடிவு தானாகவே வந்து உட்கார்ந்துவிடும்.

வாடிக்கையாளர் களஞ்சியத்தைத் தொட முடியாது. அமோண்டிக்குச் சட்டென்று நினைவு வந்தது அம்மாவின் முட்டைக் கடை. இணையத்தில் முட்டைக்கு ஆர்டர் எடுப்பதற்காக ஒடேரா வெளிநாடு போகும் முன் எழுதிக் கொடுத்த சின்னக் களஞ்சியம். ஆர்டருக்குப் பதில் சொல்ல அதில் ஓர் ஏஜென்ட் இருப்பதும் தெரியும். அடக்கமானது, நம்முடையது, ரகசியம் ஒன்றுமில்லை. அதன் முகவரியைப் பக்கத்தில் கொடுத்தாள். பக்கம் தயாரானது. சரிபார்க்கும் ஐந்து பேருக்கும் பதினோரு மணிக்கு அனுப்பிவிட்டுத் தேநீர் எடுக்கப் போனாள். தன் எழுத்தை நாலு தடவை படித்தவள், கருவி கொண்டுவந்து போட்டதை ஒரு தடவையும் படிக்கவில்லை. கையேடு எழுதுகிறவர்கள் எல்லாருமே செய்கிற தப்புதான். அன்றைக்கு அது அவள் வீட்டுக்குள் போய் இடித்தது.

வாஞ்சாலா அவள் மேசைக்கு வந்தபோது முகம் சரியாக இல்லை. சரிபார்ப்பவர்களில் மூத்தவர், புங்கோமா ஊர்க்காரர், லுவோக்காரி என்பதால் எப்போதும் இவளை மீன் தின்னி என்று கிண்டல் செய்பவர். அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"அமோண்டி, எடுத்துக்காட்டுல ரெண்டாவதா ஒண்ணு வந்திருக்கு. அதை நீங்க படிச்சீங்களா?"

"ரெண்டாவதா? அதுல ஒண்ணுதானே இருக்கு."

"பக்கத்தை நான் மத்தவங்க பார்வைக்குப் போகாம எடுத்து வச்சுட்டேன். மத்தவங்க இன்னும் திறக்கல. முதல்ல நீங்க உட்கார்ந்து படிங்க" என்று சொல்லிவிட்டு, அவள் படிக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்.

அவள் படித்தாள். இரண்டாவது ஏஜென்ட் 'வெள்ளி' என்ற ஃபோல்டரில் இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு விழிக்கும். அது தொடக் கூடியது ஒரே ஒரு தொலைபேசி எண். அந்த எண் அவளுக்கு மனப்பாடம்.

கட்டளை இப்படி இருந்தது: 'நீ ஒடேரா. அம்மாவுக்கு எழுதுகிறாய். கூடவே இருக்கும் என் பழைய செய்திகளைப் போல எழுது. முழங்காலைக் கேள். கோழிகளைக் கேள். அப்பாவைப் பற்றி ஒன்றிரண்டு வரி. அவள் என்ன கேட்டாலும் அன்பாகப் பதில் சொல். அவள் மனம் நோகக் கூடாது.'

அதற்குக் கீழே நினைவுக் குறிப்புகள். ஜூன்: 'எப்போது வருவாய் என்று கேட்டாள். விரைவில் என்று சொல்லப்பட்டது. வருந்தினாள்.' ஜூலை: 'மறுபடி கேட்டாள். கடவுள் சித்தம் என்று சொல்லப்பட்டது. வருந்தினாள்.' ஆகஸ்ட்: 'மறுபடி கேட்டாள். டிசம்பரில் வந்து வீடு எழுப்புவதாகச் சொல்லப்பட்டது. மிகவும் மகிழ்ந்தாள். இப்படியே தொடர்க.'

பொறுப்பாளர்: ஒடேரா. கடைசியாக மனிதக் கண் பட்டது: பதினான்கு மாதங்களுக்கு முன்.

அமோண்டி திரையை மூடினாள். சுற்றிலும் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள், யாரோ சிரித்தார்கள். அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் அழுத்தி அழுத்திப் பதில் எழுதுவது அவள் கண்முன் வந்தது. அந்தப் பதில்களை எல்லாம் யார் படித்தார்கள்? யாருமே படிக்கவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள்.

*

அண்ணனின் சொந்த எண்ணுக்கு அவள் கூப்பிட்டு எத்தனையோ மாதமாகிவிட்டது. அம்மாவுக்குச் செய்தி வருகிறதே, ஆள் நன்றாகத்தான் இருப்பான் என்று அவளும் இருந்துவிட்டாள். அலுவலகத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில், வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு கூப்பிட்டாள். ஐந்தாவது தடவை எடுத்தான்.

"அமோ? அம்மாவுக்கு என்ன?" என்றான் எடுத்ததுமே. பின்னால் ஏதோ வண்டிகள் பின்வாங்கும் பீப் சத்தம் கேட்டது.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லண்ணா. நீ டிசம்பர்ல வர்றேன்னு ரொம்ப சந்தோஷமா இருக்கா."

"டிசம்பர்லயா? யாரு சொன்னா?"

"நீதான் சொன்னே."

அமோண்டி தான் பார்த்ததை எல்லாம் சொன்னாள். மரத்தையும் தகரத்தையும் சொன்னாள், கொத்தனாரைச் சொன்னாள், ஃபெலிஸ்டாவின் அப்பாவைச் சொன்னாள். கோபமாகப் பேச வேண்டும் என்று நினைத்துத்தான் தொடங்கினாள். அவன் மூச்சு வாங்குவது கேட்டதும் கோபம் எங்கேயோ போய்விட்டது.

அவன் சொன்னது எல்லாம் துண்டு துண்டாக வந்தது. வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டது. இப்போது ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்குகிறான். தங்குவதற்கான காகிதம் இன்னும் கைக்கு வரவில்லை, நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப விட மாட்டார்கள். அப்பா இறந்தபோதும் அதே கதைதான், அப்போது வீட்டில் சொல்ல வெட்கம்.

"முதல்ல நானேதான் எழுதினேன். அப்பா போனப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உட்காருவேன், கை ஓடாது. அம்மா கேக்கறது ஒரே கேள்வி. அதுக்கு என்கிட்ட பதிலே இல்ல அமோ. எழுதாம விட்டா, செத்துட்டான்னு நினைச்சுடுவாளோன்னு பயம். அது நல்லா எழுதுச்சு. என்னைவிட நல்லா எழுதுச்சு. அதான் விட்டுட்டேன்."

"அம்மா எழுதின பதிலாவது படிச்சியா?"

"ரெண்டு மாசம் படிச்சேன். அப்புறம் முடியல."

"ஆகஸ்ட்ல நல்ல சேதி கேள்விப்பட்டோம்ணான்னு உனக்கு நானே எழுதினேனே. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினியே."

"ஷிப்டுல இருந்திருப்பேன். சரியாப் படிச்சிருக்க மாட்டேன்."

அமோண்டி மரத்தில் சாய்ந்துகொண்டாள். அந்த ஏஜென்ட்டை இன்றைக்கே நிறுத்தப் போவதாகச் சொன்னாள். அஞ்சு மணிக்குச் செய்தி வராது, நீ உன் வாயால் பேசு, நடந்தது எல்லாவற்றையும் நீயே சொல் என்றாள். அவன் இழுத்தாற்போல் சரி என்றான். பொழுது சாய்வதற்குள் கூப்பிடுகிறேன் என்றான். அந்தச் சரியில் அவளுக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

மேசைக்குத் திரும்பி, அலுவலகத்தின் சொந்தக் களஞ்சியம் ஒன்றை எடுத்துக்காட்டாகப் போட்டுப் பக்கத்தை முடித்தாள். கடைசித் தகவலின் விளக்கத்தில் இன்னும் இரண்டு வரி சேர்த்தாள். 'இத்தகைய ஏஜென்ட், கேட்பவர் விரும்புவதையே சொல்லப் பழகியிருக்கலாம். அதை நம்பி ஒருவர் காத்திருக்கக் கூடும்.'

வாஞ்சாலா அதைப் படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். இது கையேட்டில் எழுதுகிற வரியா என்று கேட்கப் போகிறார் என்று அவள் நினைத்தாள். "எடுத்துடணும்னா எடுத்துடுங்க" என்றாள்.

"வேண்டாம். இருக்கட்டும்" என்றார். பிறகு, பொழுதோடு வீட்டுக்குப் போகும்படி சொன்னார்.

*

நாலரை மணிக்கு வீட்டுக்குப் பக்கத்து மாம்போலியோ நிறுத்தத்தில் இறங்கி வந்தபோது ஒமோலோ கொட்டகையில் கோழிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொண்டிருந்தான். வீட்டுக்குள் அம்மா பாட்டுப் புத்தகத்திலிருந்து ஏதோ முணுமுணுப்பது கேட்டது. சப்பாத்தி வாசனை வாசல்வரை வந்தது. அமோண்டி தம்பியைக் கொட்டகையின் பின்பக்கம் கூட்டிப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு அதன் விளிம்பிலேயே உட்கார்ந்தான்.

முதலில் அண்ணனைத் திட்டினான். அப்பா மேல் மண் போட்டதிலிருந்து எல்லாவற்றையும் தானே தூக்கிச் சுமப்பதாகவும், அங்கே ஒரு மிஷின் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கிக் கொண்டிருப்பதாகவும் சொன்னான். திட்டி முடித்த பிறகு கொஞ்சம் யோசித்தான்.

"அக்கா, அது இன்னும் ஓடுதா?"

"அந்தக் களஞ்சியத்துச் சாவி என்கிட்டயும் இருக்கு. இப்ப நிறுத்தப் போறேன்."

"நிறுத்தாதே. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் ஓடட்டும். நீ ஒரு வரி சேர்த்துடு."

"என்ன வரி?"

"எனக்காகக் காத்திருக்க வேண்டாம் அம்மா, தம்பி முதல்ல வீடு கட்டிக்கட்டும்னு. மூத்தவன் வாயால சொன்னா போதும்னுதானே அம்மா சொல்றா. ஒரே வரி அக்கா. யாருக்கு என்ன நஷ்டம்?"

அமோண்டி அவனைப் பார்த்தாள். அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உண்மையில் யாருக்கும் நஷ்டமில்லைதான். அம்மா கொஞ்சம் அழுவாள், பிறகு சம்மதிப்பாள். ஃபெலிஸ்டா இந்த வீட்டுக்கு வருவாள். கையில் போனை எடுத்து அந்த ஃபோல்டரைத் திறந்துகூட விட்டாள். கட்டளையின் முதல் வரி கண்ணில் பட்டது. நீ ஒடேரா.

"முடியாதுடா. இத்தனை நாள் யாரும் கவனிக்காம அது பொய் சொல்லுச்சு. இன்னைக்கு நான் சொன்னா அது நான் தெரிஞ்சே அம்மாகிட்ட சொல்ற பொய்" என்றாள்.

"அப்போ நான் போய் ஃபெலிஸ்டா அப்பாகிட்ட என்னத்தைச் சொல்றது?"

அமோண்டி ஏஜென்ட்டை நிறுத்தினாள். ஒரு தட்டல், அவ்வளவுதான். ஒமோலோ வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

*

ஐந்து மணிக்கு டோர்சிலா சமையலை எல்லாம் மூடி வைத்துவிட்டு, கைகழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு, கண்ணாடியோடு மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். போனை முன்னால் வைத்துக்கொண்டாள். ஐந்து பத்து ஆயிற்று. அங்கே ஒரு மணி நேரம் பின்னால்தானே, ஒருவேளை மறந்திருப்பான் என்றாள். ஐந்தரைக்கு போனை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். நெட் இருக்கிறதா பார் என்று மகளிடம் நீட்டினாள். இருக்கிறது அம்மா என்றாள் அமோண்டி. ஆறு மணிக்குமேல் டோர்சிலா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே ஜன்னல் வழியாக வெயில் இறங்குவதைப் பார்த்துக் கொண்டிருந்தாள்.

அந்த ஒரு மணி நேரத்தில் அமோண்டி பத்துத் தடவையாவது வாயைத் திறந்து மூடியிருப்பாள். தாய் காத்திருப்பதைப் பார்க்கிற வேதனை ஒரு பக்கம், அவன் கூப்பிடாமல் விட்டுவிட்டால் நானே சொல்ல வேண்டுமே என்கிற பயம் மறுபக்கம்.

ஆறே காலுக்கு போன் அடித்தது. தெரியாத எண். டோர்சிலா தயங்கிவிட்டு எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டாள். ஒமோலோவும் வாசற்படியில் வந்து நின்றான்.

"அம்மா."

"யாரு?"

"நான்தாம்மா. ஒடேரா."

"ஒடேராவா? இது யாரோட நம்பர்? தொண்டை ஏன் இப்படிக் கட்டியிருக்கு?"

"கூட வேலை பார்க்கறவன் போன்ம்மா. இங்க குளிர்."

"சாப்பிட்டியா?"

"ம்."

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு கேட்கிற மகனின் குரல். டோர்சிலா அது மேலே ஏதாவது சொல்லும் என்று முகத்தை போனுக்குக் கிட்டே கொண்டுபோய்க் காத்திருந்தாள். அது முழங்காலைக் கேட்கவில்லை. கோழிகளைக் கேட்கவில்லை.

"அம்மா, டிசம்பர்ல என்னால வர முடியாதும்மா. இங்க பேப்பர் இன்னும் வரல. வெளிய போனா திரும்ப விட மாட்டாங்க."

டோர்சிலாவின் கை முழங்காலிலேயே நின்றது.

"அந்தச் செய்தி இருக்குல்லம்மா, ஆகஸ்ட்ல வந்தது..." என்று தொடங்கினான். "அதை... அது... அம்மா, இங்க கூப்பிடறாங்க. நான் அப்புறம் பேசறேன்."

போன் நின்றுவிட்டது. ஒமோலோ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அழுகிறான் என்பது தோளில் தெரிந்தது.

"அம்மா, அதை எழுதினது..." என்று அமோண்டி தொடங்கினாள்.

டோர்சிலா கையை உயர்த்தினாள். "வேண்டாம். பொழுது சாயப் போகுது. அண்ணனைக் குறை சொல்றதுன்னா ஞாயித்துக்கிழமை சொல்லு. ஓய்வுநாளை யாரும் சண்டையோட தொடங்கக் கூடாது."

"குறை இல்லம்மா. அந்தச் செய்தியெல்லாம்..."

"எனக்குத் தெரியாதா என் பிள்ளையை? போன்ல பேச அவனுக்கு எப்பவுமே வராது. களைச்சுப் போயிருக்கான். பக்கத்துல எவனோ நிக்கறான், கூச்சப்படறான். வாய் ஆயிரம் சொல்லும். மனசுல இருக்கறதை எழுதத்தான் அவனுக்குத் தெரியும்." கண்ணாடியைக் கழற்றிப் பாவாடை நுனியில் துடைத்தாள். துடைத்துப் போட்டும் கண்ணில் நீர் நின்றதால் எழுத்து தெரியவில்லை. போனை மகளிடம் நீட்டினாள். "அந்த ஆகஸ்ட் செய்தியை எடுத்துப் படி. தேதி இல்லாட்டிப் போகுது. அதையே நாளைக்குச் சபையில படிச்சுக் காட்டறேன்."

அமோண்டிக்கு வேறு வழி தெரியவில்லை. மேலே தள்ளித் தள்ளி அந்தச் செய்தியை எடுத்தாள். மெதுவாகப் படித்தாள். அம்மா, மழை வந்தால் உன் முழங்கால் என்னைத்தான் திட்டும் என்று எனக்குத் தெரியும். அப்பா கதவருகே நாற்காலி போட்டு உட்காரும் இடத்தை நான் தினமும் நினைக்கிறேன். டிசம்பரில் வருகிறேன் அம்மா. வாசலுக்கு வலப்பக்கம் என் வீட்டை எழுப்புகிறேன். நீ ஒரு கல்லைக்கூடத் தூக்காதே.

டோர்சிலா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்காமல் சிரித்தாள்.

"கேட்டியா? இவன்தான் என் பிள்ளை."